சி டிரைவோடு போன மொய்!

வீட்டு கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்றவங்களுக்குன்னே ஒரு தெனாவெட்டு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஆபரேஷன் தியேட்டர் டாக்டர் மாதிரி, 'எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு ஒரு பார்வை. 2007-ல் எனக்கும் அந்தப் பார்வை இருந்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், செகண்ட் இயர். தெருவுல யார் வீட்டு சிஸ்டம் படுத்தாலும் கூப்பிடு அவனைன்னு என்னைத்தான் தேடுவாங்க. சம்பளம், ஒரு டீயும் ரெண்டு முறுக்கும்!

எங்க வீட்டு சிஸ்டம் அசெம்பிள் செய்தது. பென்டியம் 4, 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. அதை நான் பயன்படுத்தியது பாட்டு கேட்க. அப்பா பயன்படுத்தியது உழைக்க. பெரியகுளத்தில் கோர்ட் பக்கம் டைப்ரைட்டர் வைத்து, இருபது வருஷம் மனு அடித்துக் கொடுத்தவர் அவர். டைப்ரைட்டருக்கு மவுசு குறைந்ததும், தெரிந்த டி.டி.பி. கடைக்காரர் எங்க சிஸ்டத்தில் 'பாமினி' ஃபான்ட் போட்டுக் கொடுத்தார். விரல் பழகிய அதே டைப்ரைட்டர் வரிசை. அப்பா மவுஸைத் தொடவே பயப்படுவார். கீபோர்டில் உட்கார்ந்தால் மட்டும் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும்.

2006-ல் அக்கா கல்யாணம். வந்த மொய் எல்லாம் ஒரு நீள நோட்டில். 'கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா காலத்துக்கும் இருக்கும்பா' என்று ஐடியா கொடுத்தது நான்தான். வேர்டில் டேபிள் போட்டு, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அப்பா அத்தனை பேரையும் அடித்து முடித்தார். ஊர், பேர், தொகை. அதோடு விட்டேனா? 'இனி இந்த நோட்டு எதுக்கு?' என்று அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டதும் நானே!

மொய் நோட்டுன்னா என்னன்னு எங்க பக்கம் ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டாம். அது வரவுக் கணக்கு இல்லை, கடன் கணக்கு. நம்ம வீட்டு விசேஷத்தில் ஒருத்தர் செய்ததை, அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். குறைந்தால் பணம் குறையாது, மரியாதை குறையும்.

அப்புறம் வந்தது அந்த வைரஸ். காலேஜில் யாரோ ஒருத்தனின் பென் டிரைவில் தொற்றி, 'நியூ ஃபோல்டர்' என்று அப்பாவி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. ஃபோல்டர்தானேன்னு டபுள் கிளிக் பண்ணினால் முடிந்தது கதை. டாஸ்க் மேனேஜர் திறக்காது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் காணாமல் போகும். ஆன்டிவைரஸையே அது படுக்க வைத்துவிட்டது. ஒரே வழி, ஃபார்மேட்!

நான் ஒண்ணும் அவசரக்குடுக்கை இல்லை. போட்டோ, பாட்டு, 'மை டாக்குமென்ட்ஸ்', அப்பாவோட ஃபோல்டர் எல்லாத்தையும் டி டிரைவுக்கு நகர்த்தினேன். ரெண்டு தடவை சரிபார்த்தேன். பிறகுதான் எக்ஸ்பி சி.டி.யைப் போட்டேன். நீலத் திரை. எஃப்8 தட்டி ஒப்பந்தத்துக்கு ஒரு தலையாட்டல். சி டிரைவைக் காட்டி ஃபார்மேட். இன்னும் 39 நிமிடம் என்று திரை சொன்னது. எக்ஸ்பியின் 39 நிமிடம் நம்ம ஊர் 'இதோ வந்துட்டேன்' மாதிரி! நடுவில் 25 எழுத்து ப்ராடக்ட் கீ. 'பி'யா '8'ஆ என்று நானும் அக்காவும் ஒரு சண்டை.

எக்ஸ்பி வந்தது. ஐகான் ஒவ்வொன்றும் இட்லி சைஸில். சவுண்ட் இல்லை. டிவைஸ் மேனேஜர் முழுக்க மஞ்சள் கேள்விக்குறி. மதர்போர்டு சி.டி.யைத் தேடினால், அது அம்மாவின் தையல் மிஷின் டிராயரில்! டிஸ்ப்ளே, சவுண்ட், நெட் என்று டிரைவர்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஆன்டிவைரஸ், ஆபீஸ், வின்ஆம்ப் எல்லாம் போட்டு முடிக்கும்போது ராத்திரி பத்து மணி. பாட்டு ஓடியது. நான்தான் ராஜா!

அப்போ அப்பா வந்தார். 'தம்பி, ஞாயித்துக்கிழமை கமலம் வீட்டுல காதுகுத்து. அக்கா கல்யாணத்துல அவ என்ன செஞ்சான்னு பாரு. 501-னு நெனைக்கிறேன்.'

ஃபைலைத் திறந்தேன். உள்ளே தமிழே இல்லை!

ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, கமா, பிராக்கெட்... கோழி கிளறிய மாதிரி. எண்கள் மட்டும் அப்படியே இருந்தன. 101, 251, 501, 1001... எவ்வளவு என்று தெரிகிறது. யார் என்று தெரியவில்லை!

மேலே ஃபான்ட் பெட்டியில் 'பாமினி' என்று பேர் மட்டும் நின்றது. அப்போதான் உறைத்தது. ஃபைல் இருந்தது டி டிரைவில். ஃபான்ட் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதை நான் என் கையாலேயே அழித்திருந்தேன். பாமினி மாதிரி ஃபான்ட்களில் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். ஃபான்ட் அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும், அவ்வளவே. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், எங்க வீட்டு வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

'என்னடா ஆச்சு?' என்றார் அப்பா. சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. 'நோட்டு...' என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர், 'தள்ளு' என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். 'அந்தத் தேடுற பெட்டியக் கொண்டா.'

கன்ட்ரோல், எஃப். பெட்டி வந்தது. அப்பா கீபோர்டைப் பார்க்காமல் 'கமலம்' என்று அடித்தார். பெட்டியில் விழுந்தது எஃப், கே, ஒய், கே, ஓர் அரைப்புள்ளி. என்டர் தட்டினார். கர்சர் குதித்து ஒரு வரியில் போய் நின்றது.

1001.

நான் வாயைப் பிளந்தேன். 'இந்தப் பெட்டியில எப்பவும் இப்படித்தானேடா தெரியும்? நான் அடிச்ச எழுத்து எங்கயும் போகல. முகம்தான் மாறியிருக்கு' என்றார் சாதாரணமாக. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற எனக்குத் தோன்றாதது, மவுஸைத் தொட பயப்படுகிறவருக்குத் தோன்றியிருக்கிறது!

ஆனால், அப்பா அதைக் கொண்டாடவில்லை. அந்த 1001-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். கமலம் அத்தை அப்பாவுக்குச் சித்தப்பா மகள். மாமா போன பிறகு இட்லி சுட்டு விற்றுத்தான் ரெண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். 'ஆயிரம் ரூபாய்க்கு அவ எத்தனை இட்லி வித்திருக்கணும்... நான் 501-னு நெனச்சுட்டேனே' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா 1501 செய்தார். 'எதுக்குண்ணே இவ்வளவு?' என்று அத்தை கேட்டதற்கு, 'கம்ப்யூட்டர்ல இருந்துச்சும்மா' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

மறுநாளே டி.டி.பி. கடைக்கு ஓடி பாமினியை வாங்கி வந்தேன். ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்குகிற ஃபான்ட்! போட்டதும் அத்தனை பேரும் அவரவர் முகத்தோடு திரும்பி வந்தார்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து பைண்ட் பண்ணி அப்பாவின் பீரோவில் வைத்தேன். பின்னாளில் அந்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினேன். அந்த சிஸ்டம் இப்போது இல்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவும் 2014 ஏப்ரலோடு முடிந்தது. மொய்க் கணக்கு மட்டும் என் போனில் இருக்கிறது. 'கமலம்' என்று தேடினால் தமிழிலேயே வருகிறது.

இன்றைக்கு நீங்க ஃபார்மேட் போட 39 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. 'ரீசெட்' பட்டனே இருக்கிறது. ஆனாலும் பாஸ், அதை அமுக்கும் முன் ரெண்டு விஷயம். ஃபைலை மட்டும் காப்பி பண்ணாதீங்க, அதைத் திறக்க என்னென்ன வேண்டுமோ அதையும் சேர்த்து எடுத்து வையுங்க. சாஃப்ட்வேரை எத்தனை தடவை வேணும்னாலும் ஏத்திக்கலாம். வீட்டில் மத்தவங்க ரெண்டு ராத்திரி கண் முழிச்சு அடிச்சதை, நீங்க ஏத்த முடியாது.

ரெண்டாவது, அந்தச் சிஸ்டத்தில் வீட்டில் வேற யாரெல்லாம் என்ன வெச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்டிருந்தால், அப்பா அந்த ஃபான்ட் பேரையே சொல்லியிருப்பார்!