துவக்கு கழட்டத்தான், தம்பி

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாச்சப்பல் பிள்ளையார் கோயிலுக்குப் போய், மரக்கறியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், ரூ பஜோலில் விட்ட காரின் முன்சில்லு காற்றுப் போய்க் கிடந்தது. பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள். "அஞ்சு நிமிசம்" என்று ஸ்பனரை எடுத்தேன். ஒரு போல்ட்டும் அசையவில்லை.

"ஆர் தம்பி இறுக்கினது?" என்றார் அப்பா.

நான்தான். பனிக்கால ரயர் மாற்றும்போது, புதிதாக வாங்கிய காற்றுக் கன்னால் 'டகடக' என்று இறுக்கியிருந்தேன். அப்பா ஸ்பனரில் ஏறி மிதித்தார். அது வழுக்க, விழுந்தே போனார். நல்லகாலம், முழங்கால் தோல் மட்டும்தான் உரிந்தது. எழும்பி ஒன்றுதான் சொன்னார்: "துவக்கு கழட்டத்தான் தம்பி. இறுக்கக் கை வேணும்."

2021 முதல், கார்த்திகை 1 தொடக்கம் பங்குனி 31 வரை பிரான்சின் மலைப் பகுதிகள் பலவற்றில் பனிக்கால ரயரோ சங்கிலியோ கட்டாயம். பிள்ளைகளோடு பனிக்குப் போகிற எங்களில் பலர் வீட்டிலேயே ரயர் மாற்றுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

கன்னின் பலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அரை அங்குலக் கன்னுக்கு 6 பார் அளவு அழுத்தம் இடைவிடாமல் வேண்டும். 24 லீற்றர் கொம்பிறசர் நாலைந்து போல்ட்டிலேயே களைத்துவிடும். 50 லீற்றராவது இருந்தால் நல்லது. அடுக்குமாடியில் இருந்தால் சத்தமே பிரச்சினை, பற்றரிக் கன் போதும். சொக்கற் கறுப்பு நிற இம்பாக்ட் வகையாக இருக்கட்டும். பளபளக்கும் சாதாரண சொக்கற் வெடிக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும்.

வேலைக்கு முன் காற்று போகும் வாயில் இரண்டு மூன்று துளி கன் எண்ணெய் விடுங்கள். முடிந்ததும் காற்றை இறக்கி, தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். இல்லாவிட்டால் தொட்டி உள்ளே துருப்பிடிக்கும்.

போல்ட்டைக் கையால் பூட்டுங்கள். காரை இறக்கியபின், 'க்ளே தினமோமெத்ரிக்'கால் கார்ப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இறுக்குங்கள். என் காருக்கு 110 நியூட்டன் மீற்றர். கன்னோ அதைப்போல பல மடங்கு தரும். 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பாருங்கள்.

இப்போது அந்தச் சாவி மகளின் கையில். 'கிளிக்' என்று கேட்டதும் அப்பா சொல்லுவார்: "காணும், பிள்ளை."