மாதிரிச் சிப்பி

ராத்திரி பத்தரை மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால், எனக்கு இன்றும் கொஞ்சம் பயம்தான். அந்த நேரத்தில் நல்ல செய்தி வந்து பழக்கமில்லை. அன்று பேசியது தங்கச்சி மகள்.

"மாமா, தூங்கிட்டியளா? ஒண்ணு கேக்கணும். நான் மறுபடியும் ப்ளஸ் டூ படிச்சா எல்லாரும் சிரிப்பாங்களா?"

அவளுக்கு 21 வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கன்டெய்னர் எப்போது வந்தது, எப்போது போனது, யாருக்கு எவ்வளவு பில் என்பதெல்லாம் விரல் நுனியில். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பத்தாம் வகுப்பில் சயின்ஸ் மார்க் குறைவு என்று பள்ளியில் அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். இவளும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் நாங்களும் கேட்கவில்லை.

போன வருடம் என் அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ராத்திரித் துணைக்கு இருந்தது இவள்தான். ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு நர்ஸ் ஒருவர் வந்து, சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். சாயங்காலத்திலிருந்து அளவு ஏறவே இல்லை. உடனே டாக்டருக்குப் போன். மருந்து மாறியது. விடிவதற்குள் அம்மா தெளிந்துவிட்டாள்.

"அந்த அக்கா ஒரு பையைப் பாத்தே கண்டுபிடிச்சாங்க மாமா. நான் அத்தனை மணி நேரம் அதே பையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல."

அன்றைக்கு முளைத்த ஆசை. நர்ஸ் ஆகணும்.

ஆசை வந்த வாரமே ஆளும் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு புரோக்கர். "சயின்ஸ் எல்லாம் எதுக்கும்மா? ஒரே வருஷம். சர்ட்டிபிகேட் கையில. வெளிநாட்டு வேலை" என்றாராம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?' இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்ய 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. அகில இந்தியக் கவுன்சிலுக்கான சட்டம் 1947-ல் வந்தது. பதிவு இல்லையென்றால், வெள்ளை உடுப்பு போட்டாலும் நர்ஸ் கிடையாது. இவள் கேட்டிருக்கிறாள். புரோக்கருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டதாம்.

சரி, நேர்வழி என்ன? நானும் அவளும் போனிலேயே கணக்குப் போட்டோம்.

பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்க வேண்டும். அந்த மூன்றிலும் சேர்த்து 45 சதவிகிதம் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 5 சதவிகிதம் சலுகை. ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும். படிப்பு 4 வருடம். காமர்ஸ் படித்தவள் உள்ளே நுழைய, சயின்ஸ் பாடங்களோடு ப்ளஸ் டூவை மறுபடி எழுத வேண்டும். அதற்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே சயின்ஸ் எழுதித் தேறியவர்களை நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். செய்முறைக்கு மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். ஒழுங்காகப் படித்தால் ஒரு வருடம்.

இன்னொரு வழி, டிப்ளமோ நர்சிங். 3 வருடம். கவுன்சில் விதிப்படி இதற்கு சயின்ஸ் குரூப் கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. ஆனால் அரசு இடமா, தனியார் இடமா என்பதைப் பொறுத்து நிபந்தனை மாறலாம். அந்தந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்துவிட்டே விண்ணப்பம் போட வேண்டும். டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தபின், 2 வருடம் படித்தால் பி.எஸ்ஸி. பட்டமும் கிடைக்கும்.

"ஒண்ணும் நாலும் அஞ்சு. மூணும் ரெண்டும் அஞ்சு. ரெண்டும் டேலி ஆகுது மாமா" என்றாள். அக்கவுண்ட்ஸ் புத்தி!

டேலி ஆகிறதுதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. டிப்ளமோவில் மூன்றாம் வருடம் முடிந்ததும் சம்பளம் வரும். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்றால், அதுதான் சரியான வழி. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கேயும் முதல் வருடமே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் வந்து நிற்கும். வாசலில் சயின்ஸ் கேட்காதவர்கள், உள்ளே போனதும் கேட்பார்கள்.

அப்படியானால், சயின்ஸை முன்னாலேயே படித்துக்கொள்வதா, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வதா? இதுதான் உண்மையான கேள்வி. 'சிரிப்பாங்களா?' என்பது கேள்வியே இல்லை.

ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். 1987-ல் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, வேதியியல் மார்க் போதாமல் இம்ப்ரூவ்மென்ட் எழுதியவன் நான். தமிழ்நாட்டில் அந்த முறைக்கு 2005-ல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். அன்று டியூஷனில் என்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். "அண்ணே, நீங்க போன வருசமே படிச்சதுதானே?" என்று ஒருவன் கேட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம் கடைசி பெஞ்ச்தான். சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டேன். மார்க் கூடியது, ஆசைப்பட்ட இடம் கிடைக்கவில்லை. வெட்கத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

அமெரிக்காவில் பல நர்சிங் கல்லூரிகள், உடற்கூறியல் படித்துச் சில வருடங்கள் கடந்துவிட்டால் பழைய மார்க்கை ஏற்பதில்லை. மறுபடி படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற அம்மாக்கள்கூட வகுப்பில் உட்காருகிறார்கள். நம் ஊரில் மட்டும் இரண்டாம் தடவை என்றாலே தோல்வி என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். வீட்டுத் திண்ணையில் மறுபடி இதே பேச்சு. தங்கச்சிக்கு பயம். "இருக்கிற வேலையும் போயிட்டா என்ன அண்ணே செய்ய?" என்றாள். அதுவும் நியாயம்தான். அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தச் சலாபத்தில் 18 வயதுப் பையனாக மூழ்கியவர். ஒரு காது சரியாகக் கேட்காது. கேட்கும் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு பேத்தியிடம் சொன்னார்.

"ஏ பிள்ள, சலாபம் தொறக்குறதுக்கு முந்தி என்ன செய்வாவ தெரியுமா? மாதிரிச் சிப்பி எடுப்பாவ. பார்ல போயி கொஞ்சம் சிப்பிய அள்ளிட்டு வந்து, ஒடச்சு, உள்ள முத்து எவ்வளவு, என்ன தரம்னு கணக்குப் பாப்பாவ. படியும்னாதான் சலாபம். இல்லைன்னா, இன்னும் வளரட்டும்னு விட்டுட்டு வந்துருவாவ. கரையில நின்னுக்கிட்டு முத்து இருக்கு, இல்லைன்னு சண்டை போட்டா யாருக்குத் தெரியும்?"

பார் என்பது கடலுக்கு அடியில் சிப்பி வளரும் பாறைத் திட்டு. அப்பா பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை.

மறுநாளே ப்ளஸ் ஒன் விலங்கியல், வேதியியல், இயற்பியல் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. வேலையை விட வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். 30 நாள். தினம் ஒன்றரை மணி நேரம். பாடத்துக்கு இரண்டு அத்தியாயம். பின்னால் இருக்கும் கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் திருத்தித் தருவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

விலங்கியலில் கழிவுநீக்கம் பாடத்தை முதலில் எடுத்தாள். அந்தச் சிறுநீர்ப் பை! நான்கு நாளில் சிறுநீரகத்தை வரைந்து போட்டோ அனுப்பினாள்.

இயற்பியலுக்கு தாத்தா இருந்தார். தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று அவள் வாசித்ததும், அவர் கை தானாகக் காதுக்குப் போனதாம்.

வேதியியல்தான் உதைத்தது. மோல், மோலாரிட்டி என்று வந்ததும் அழுதுகொண்டே போன் செய்தாள். நான் கேட்டேன். "பாட்டிக்கு ஏத்துன சலைன் பாட்டில்ல என்ன எழுதியிருந்துச்சு?" 0.9 சதவிகிதம் சோடியம் குளோரைடு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். உப்பளத்து ஊர்க்காரிக்கு உப்புக் கணக்கு வராமலா போகும்?

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒருநாள் நானே ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு லிட்டர் சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? அரை நிமிடத்தில் "42 மாமா" என்றாள். காமர்ஸ் படித்ததும் வீணில்லை பாருங்கள்.

முப்பதாம் நாள் டீச்சர் கணக்குச் சொன்னார். விலங்கியல் நன்று. இயற்பியல் தேறும். வேதியியல் அடித்தளமே இல்லை, ஆனால் பிள்ளை ஓடவில்லை. கடைசி வாரம் அதில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

மாதிரிச் சிப்பி பார்த்தாயிற்று. அவளே முடிவு சொன்னாள். "உள்ள போயி பாத்துக்கலாம்னா எனக்குப் பயமா இருக்கு மாமா. கெமிஸ்ட்ரியை வெளியிலயே முடிச்சுட்டுப் போறேன். ஒரு வருசம்தானே."

ஆபீஸ் வேலை தொடர்கிறது. காலை ஐந்தரைக்குப் படிப்பு. அவள் சீட் வாங்குவாளா, என்ன மார்க் எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை பயத்தாலோ, மற்றவர்கள் தள்ளிவிட்டோ குரூப் எடுக்கவில்லை. பார்த்து எடுத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். 'உனக்கு சயின்ஸ் வராது' என்று சொல்லாதீர்கள். 'கண்டிப்பா வரும்' என்றும் சொல்ல வேண்டாம். ஒரு மாதமும் ஒரு பழைய புத்தகமும் கொடுங்கள். கூட உட்கார முடிந்தால் உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். மணி பத்தரை. பதறி எடுத்தேன்.

"மாமா, முத்து கால்சியம் கார்பனேட்டாம். ஆசிட்ல போட்டா கரைஞ்சிரும்னு தாத்தாகிட்ட சொன்னேன். 'அதை எதுக்குட்டி அதுல போடுற'ன்னு ஏசுறாவ!"

ஊரிலிருந்து அந்த நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.