வேதாளத்தின் நிபந்தனை

அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை எங்கள் தலைமுறை மறக்காது. உருவிய வாளோடு ராஜா நடக்கிறான், தோளில் பிணம் தொங்குகிறது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அந்தப் பத்திரிகையைப் பெரியவர்கள் தயங்காமல் வாங்கிக் கொடுத்தார்கள். பிணம் சுமக்கிற கதையைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று யாரும் பதறவில்லை. அந்தத் துணிச்சல் இன்று நம்மிடம் குறைந்துவிட்டது.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கிற கதை இது. பிணத்துக்குள் இருக்கும் வேதாளத்தைவிட அது போடும் நிபந்தனைதான் என்னை இன்றும் உலுக்குகிறது. வேதாளம் வழியில் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். ராஜா வாய் திறந்தால் அது மறுபடி மரமேறிவிடும், பிணத்தைச் சாமியாரிடம் சேர்க்கவந்த காரியம் கெடும். விடை தெரிந்தும் வாய் மூடியிருந்தால் தலை வெடித்துச் சிதறும். காரியம் கெட்டாலும் சரி, தெரிந்த நியாயத்தைச் சொல்லியே தீரவேண்டும்.

வானூர்ப் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவருகிறேன். நிபந்தனையைச் சொன்னதும் ஒரு சிறுமி கேட்டாள்: "தெரிஞ்சும் பேசலைன்னா நெசமாவே தல வெடிச்சிடுமா சார்?" அவள் அம்மா மரக்காணம் பக்கத்தில் விடியுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர். கதையில் அப்படித்தான் என்றேன். அவள் விடவில்லை. "எங்கம்மா வேல செய்யிற அளத்துல கணக்குப்பிள்ள கூலியில புடிச்சுட்டாரு. தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேசல. யாருக்கும் ஒண்ணும் ஆவலியே."

பேய்க்கதை கேட்டுக்கொண்டே அம்மாவின் கூலியைக் கணக்குப் பார்த்திருக்கிறாள். அளத்தில் என்ன நடந்தது என்று நான் நேராக விசாரித்திருந்தால் அவள் வாயே திறந்திருக்கமாட்டாள். நடுவில் வேதாளம் நின்றதால் பேச முடிந்தது.

எங்கள் வட்டத்திலேயே இருக்கிற திருவக்கரையின் கதை இன்னும் கடுமையானது. வக்கிராசுரனைத் திருமால் வதைக்கிறார். அவன் தங்கை துன்முகியை வதைக்கக் காளி வருகிறாள். துன்முகியோ கருவுற்றிருக்கிறாள். வயிற்றிலிருந்த சிசுவை எடுத்துத் தன் காதில் குண்டலமாக அணிந்துகொண்டு, அதன் பிறகே அவளைக் கொல்கிறாள் வக்கிரகாளி. பிள்ளைமேல் பழியில்லை என்று கோபத்தின் உச்சியிலும் நிற்கத் தெரிந்த தெய்வம். ஆனால் தாயைக் கொன்றவளின் காதில்தான் அந்தப் பிள்ளைக்கு வாழ்வு. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம். ஒரு பையன் கேட்டான்: "அந்தப் பாப்பா அம்மா எங்கன்னு கேட்டா காளி என்னா சொல்லும்?"

அதே ஊரில் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கண்ணுக்கு மரம், தொட்டால் கல். அங்கே வளர்கிற பிள்ளைக்குக் காதில் தொங்கும் குழந்தை நம்பமுடியாத சேதியே இல்லை.

பிணத்தை எடுத்துவிட்டு வேதாளக் கதையைச் சொல்லலாமே என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்குச் சம்மதமில்லை. பிணம் போனால் சுமை போகும். சுமையில்லாத ராஜா விடுகதைக்கு விடை சொல்பவன், அவ்வளவுதான்.

சிறுமிக்கான பதில் வேதாளம் சொல்லும் கடைசிக் கதையில் இருந்தது. அடுத்த வாரம் அதைச் சொன்னேன். தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித்தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி தகப்பனுக்கு, சின்னப் பாதத்துக்காரி மகனுக்கு என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். தேடிப்போனால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் தாயுடையது. வாக்கை மீறாமல் அப்படியே மணக்கிறார்கள். பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை. மகிழ்ந்துபோன வேதாளம், சாமியார் உன்னைப் பலிகொடுக்கத்தான் காத்திருக்கிறான் என்று எச்சரித்து அவன் உயிரைக் காக்கிறது.

பையன்கள் தரையில் கோடு போட்டு முறை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் சித்தப்பா என்றான், இன்னொருவன் தாய்மாமன் என்றான். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது, அந்தப் பக்கமிருந்து பார்த்தால் இது. இருவரும் சரி.

சிறுமி அதில் சேரவில்லை. "தெரியாதவங்கள வேதாளம் உட்டுடும். அப்ப கணக்குப்பிள்ள?"

"அவருக்குத் தெரியும்" என்றேன்.

"எங்கம்மாவுக்கும் தெரியும் சார்" என்றாள்.