முதலில் தட்டிப் பார்ப்பவர்

மாப்பிள்ளை பார்ப்பதென்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வீட்டை உடைத்துப் பூசுகிறவரை மட்டும் 'பக்கத்துத் தெருவில் வேலை செய்தாராம்' என்ற ஒரே தகுதியை நம்பி உள்ளே விடுகிறோம். கொல்கத்தாவில் இது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. ஒரு கிலோ இலிஷ் மீன் வாங்குவதற்குள் செவுளைத் தூக்கிப் பார்த்து, கங்கையா பத்மாவா என்று கால் மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்தும் ஊர் இது.

லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் எங்கள் பால்கனியின் அடிப்பக்கத்திலிருந்து தேங்காய் அளவுக்கு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. கீழ்வீட்டுப் பாட்டி மாலையில் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார். நல்லவேளை, அன்று உட்காரவில்லை.

மூன்று பேரை அழைத்தோம். முதலாமவர் பைக்கில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்து, "ஹொயே ஜாபே, தீதி" என்றார். 'ஆகிவிடும், அக்கா.' எப்போது, எவ்வளவுக்கு என்பதெல்லாம் இந்த வாக்கியத்தில் அடங்காது. தொகையில் பாதிக்கு மேல் முன்பணம் கேட்டார். இரண்டாமவர் டைல்ஸ் படங்கள் நிறைந்த ஆல்பத்துடன் வந்தார். மேலே பூசி பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது என்றார். எங்கள் பயமே அதுதான்.

மூன்றாமவர் முர்ஷிதாபாத்காரர். ராஜ்மிஸ்திரி. நம் மேஸ்திரியும் வங்காளத்து மிஸ்திரியும் 'மெஸ்த்ரே' என்ற போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். இவர் பேசுவதற்கு முன் ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் ஸ்லாபின் அடிப்பக்கம் முழுவதும் தட்டினார். கெட்டியான இடம் 'டண்' என்றது. உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்றது. டொப் என்ற இடங்களில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். பால்கனியில் விழும் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இதற்கு முன் எப்போது பூசினார்கள்? கீழே யார் இருக்கிறார்கள்?

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் கசிந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கசிவை நிறுத்தாமல், துருவைச் சுரண்டாமல் மேலே பூசுவது சீழ்ப்புண்ணுக்குப் பவுடர் போடுவது போல.

மூன்றாவது கேள்வியிலேயே என் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் அவர் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று மழை கண்ட வேலையைத்தான் காட்டச் சொன்னேன். நேற்று முடித்த வேலை யாருடையதானாலும் அழகாகத்தான் இருக்கும்.

ஒரு என்ஜினீயரையும் வரவழைத்தோம். அது அனாவசியச் செலவு என்று சொன்னவர்களுக்கு பாகா ஜதீனை நினைவூட்டினேன். தெற்குக் கொல்கத்தாவின் அந்தப் பகுதியில் 2025 ஜனவரி 14 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. ஏற்கெனவே சரிந்திருந்த அதைத் தூக்கி நிமிர்த்த ஹரியானாவிலிருந்து ஒரு நிறுவனத்தை அழைத்து வந்திருந்தார்கள். இந்த வேலைக்கு அனுமதி வாங்கவில்லை என்றது மாநகராட்சி. குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். வெள்ளையடிப்பதும் பூசுவதும் வேறு. தூண், பீம், ஸ்லாப் என்று வந்துவிட்டால் மாநகராட்சிப் பட்டியலில் இருக்கும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். இங்கே எஸ்டிமேட் ஆங்கிலத்தில் வரும். கொடுப்பவரும் வாங்குபவரும் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டுமே படிப்பார்கள். நான் மிஸ்திரி படிக்கக்கூடிய வங்காளத்தில் எழுத உட்கார்ந்தேன். மொழிபெயர்க்க வராத வாக்கியத்தில் பெரும்பாலும் அர்த்தமே இருக்காது என்பது என் தொழில் அனுபவம். 'தரமான சிமென்ட்' அப்படிப்பட்ட ஒன்று. எந்தக் கம்பெனி? மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரம் என்ன? மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமென்டின் வலு குறைந்துவிடும். 'நன்றாகத் தண்ணீர் விட வேண்டும்' இன்னொன்று. எத்தனை நாள்? கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். 10 என்று எழுதினோம்.

பணத்தையும் வேலையோடு சேர்த்துப் பிரித்தோம். முன்பணம் 20 சதவிகிதம். துருவைச் சுரண்டி, கம்பியை என்ஜினீயர் பார்த்த பிறகு ஒரு தவணை. பூச்சு முடிந்ததும் ஒரு தவணை. கடைசி 10 சதவிகிதம் அடுத்த மழை ஓய்ந்து, துர்கா பூஜைக்கு முன். மிஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "நடுவில் நீங்கள் கூடுதல் வேலை சொன்னால் அதையும் எழுதுவீர்களா, தீதி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுதுகிற வீட்டுக்காரரும் அபூர்வம்தானே? அதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

இந்தக் காகிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. விற்பனைக்கான புதுக் கட்டடங்களைக் கண்காணிக்கும் ரெரா சட்டம், சொந்த வீட்டுப் பழுதுபார்ப்புக்குத் துணை வராது. நுகர்வோர் சட்டம் வரும். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீதும் ஒப்பந்தமும் கையில் இல்லாவிட்டால் அங்கேயும் வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

சென்னையோ மும்பையோ, உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் தொகை கேட்பதற்கு முன் சற்றுப் பேசாமல் இருங்கள். அவராக என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், மேற்கொண்டு பேசலாம்.