குளிப்பாட்டியாச்சு... துவட்டியாச்சா?

உங்க கார்ல கோடு போட்டது யாரு? ஷேர் ஆட்டோ உரசினது, சிக்னலில் பைக் ஹேண்டில்பார் இடித்தது, பக்கத்து வீட்டு வாண்டு சாவியால் படம் வரைந்தது... இவங்க எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். தெரியாத எதிரி ஒருத்தர் இருக்கார்.

இன்னிக்கு ராத்திரி பார்க்கிங்குக்குப் போய், செல்போன் டார்ச்சை பானெட் மேலே அடித்துப் பாருங்கள். கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டி என்றால் பளிச்சென்று தெரியும். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னின மாதிரி பொடிப் பொடியாகக் கோடுகள் இருக்கா? அதெல்லாம் ரோட்டில் விழுந்தது இல்லை பாஸ். வீட்டு வாசலில், வண்டியை அன்பாகக் கழுவி, அதைவிட அன்பாகத் துவட்டினபோது விழுந்தது!

'பஞ்சு மாதிரி துணி எப்படிங்க கோடு போடும்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. துணி போடாது. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மண் போடும். எலியட்ஸ் பீச் மணலில் மினுக் மினுக்கென்று துகள் இருக்கே, குவார்ட்ஸ்... கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7 மார்க். கத்தி இரும்பு ஐந்தரைப் பக்கம்தான் வாங்கும். அந்த மணல் கடற்காற்றில் பறந்து வந்து பெசன்ட் நகர், அடையாறு வண்டிகளில் உட்காரும். மயிலாப்பூர், தி.நகர் ஆட்களுக்கு மெட்ரோ ரயிலுக்குத் தோண்டின புழுதி கிடைத்தது. கழுவும்போதாவது சோப்புத் தண்ணி நடுவில் வழுக்கிக் கொடுக்கும். துவட்டும்போது அந்த வழுக்கலும் போய்விடும். மிச்சம் ஒட்டியிருக்கும் ஒரு துகளை நாமே துணியில் பிடித்து, பானெட் முழுக்க வட்டமாக ஊர்வலம் விடுகிறோம்.

சரி, கோடு விழுந்தால் என்ன குடி முழுகிடும்?

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே, கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பேரு கிளியர் கோட். பளபளப்பு எல்லாம் இவரால்தான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் இவர்தான். தடிமன்? பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். ஆக, வருஷக்கணக்கில் இ.எம்.ஐ. கட்டி வாங்கின வண்டியின் மொத்த அழகும் ஒரு முடியைவிட மெல்லிசான படலத்தில் நிற்கிறது.

'பாலிஷ் போட்டா போயிடும் மச்சி' என்று ஒரு நண்பன் சொல்வான். போகும்தான். எப்படிப் போகும்? கோட்டைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்து, கோட்டின் ஆழத்துக்குச் சமமாக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் அவுட். எடுக்க மட்டும் முடிகிற, திரும்பப் போட முடியாத பேங்க் அக்கவுன்ட் அது.

'நாங்கள்லாம் அம்பாசடரைப் பழைய வேட்டியாலதான் துடைச்சோம், ஒண்ணும் ஆகலை' என்று பெரியப்பா ஆரம்பித்தால் சண்டை போடாதீர்கள். அவர் வண்டிக்கு அது சரி. அந்தக் காலத்துப் பெயின்ட்டுக்கு மேலே தனியாகக் கிளியர் கோட் கிடையாது. அழுத்தித் தேய்த்தால் துணியிலேயே கலர் ஒட்டும்; தேயத் தேயப் புதுசாக ஒரு பளபளப்பு வரும். உங்கள் வண்டி வேறு ஜாதி.

அப்போ துடைக்காமலே விட்டுட்டா?

செமை ஐடியா. ஆனால் சென்னைத் தண்ணியை வைத்துக்கொண்டு அது நடக்காது. கடலை ஒட்டின நம்ம ஏரியாக்களில் போர் தண்ணி எப்படி இருக்கும் என்று உங்கள் பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள். தண்ணி ஆவியாகும்போது இவை ஆவியாவதில்லை. ஒரு சொட்டு காய்ந்தால் ஒரு வெள்ளை வளையம். நம்ம வெயிலில் சுடச்சுட இருக்கிற பானெட்டில் அது சீக்கிரமே இறுகிவிடும். நாளாக நாளாகப் பூச்சையே அரித்துத் தழும்பாக்கிவிடும். துடைத்தால் கோடு, துடைக்காவிட்டால் கறை. இதுதான் சென்னைக் கார்க்காரரின் தலையெழுத்து.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம். ஒரு கறுப்பு டைல்ஸ் துண்டு. அதில் மூன்று சொட்டு. முதல் சொட்டு போர் தண்ணி. இரண்டாவது, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற வேஸ்ட் தண்ணி. மூன்றாவது, ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணி. வெயிலில் வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தால், முதலாவதில் வெள்ளை வளையம். இரண்டாவதில் அதைவிட தடியான வளையம். மூன்றாவதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை!

காரணம் சிம்பிள். ஆர்.ஓ. மெஷின் உப்பையெல்லாம் ஒதுக்கி அந்த வேஸ்ட் தண்ணியில்தான் தள்ளுகிறது. வீணாக்க வேண்டாமே என்று அதில் கார் கழுவுகிற புண்ணியவான்கள் நிறையப் பேர். வாசல் கழுவுங்கள், வண்டிக்கு வேண்டாம். ஏசி தண்ணி அப்படியில்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது. உப்பு அதில் இல்லாத மாதிரிதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, லாரித் தண்ணிக்கு ஊரே குடத்தோடு நின்றபோது, ஏசிக்குக் கீழே வாளி வைத்த வீடுகள் உண்டு. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் பல லிட்டர் சேரும். ஒரு துணியில் வடிகட்டி, கடைசியாக ஊற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'இ.சி.ஆர்.ல ஒரு ரவுண்டு போனா தானா காஞ்சிடும்' என்கிற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. ஈர வண்டியில் புழுதி இன்னும் நல்லா ஒட்டும். துவட்டி முடித்த பிறகு தெருவை ஒரு சுற்று சுற்றினால் பிரேக் காயும். அதற்கு மட்டும் ரவுண்டு போங்கள்.

எந்தத் துணி?

கிழிந்த பனியன், பழைய டர்க்கி டவல், கடையில் தொங்கும் மஞ்சள் துணி... இவை தண்ணியைக் குடிக்கும், மண்ணையும் மேலேயே வைத்துக்கொள்ளும். ஷாமி என்பது மலை ஆடு ஒன்றின் பெயர். அதன் தோல் போய், செம்மறித் தோலும், பிறகு செயற்கை ஷாமியும் வந்தன. தண்ணியைச் சூப்பராக இழுக்கும். ஆனால் முகம் வழவழ. மண் துகள் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லாததால், மாட்டினால் பெயின்ட் மேலேயே உருளும்.

மைக்ரோஃபைபர் கதை வேற. 1970-ல் ஜப்பானின் டோரே கம்பெனியில் மியோஷி ஒகமோட்டோ குழுவினர், மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லிசான இழையைச் செய்து காட்டினார்கள். இன்றைய துண்டுகளில் பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த இழை பல கூறாகப் பிளந்திருக்கும். அந்த இடுக்குகளில் தண்ணியும் ஏறும், துகளும் உள்ளே போய் உட்காரும். துவட்டுவதற்குப் புசுபுசு என்று கனமான துண்டாக வாங்குங்கள். ஜி.பி. ரோடு பக்கம் போனால் கடை கடையாகக் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஓரத்தில் இருக்கும் லேபிளை வெட்டி எறிவது. கோடு போடுவதில் அது கில்லாடி.

இப்போ துவட்டலாம்

வண்டி நிழலில் இருக்கணும், பானெட் தொட்டால் சுடக் கூடாது. காலை ஆறு மணிதான் பெஸ்ட். மோதிரம், வாட்ச், பெரிய பக்கிள் வைத்த பெல்ட்... கழற்றி வைத்துவிட்டு வாங்க.

கடைசித் தண்ணியை அடித்துத் தெளிக்காதீர்கள். ஹோஸ் இருந்தால் முனையை எடுத்துவிட்டு, மக் என்றால் கூரைக்குப் பக்கத்திலேயே பிடித்து, மெதுவாக வழிய விடுங்கள். தண்ணி ஒரு விரிப்பு மாதிரி இறங்கும்போது மேலே நிற்கும் சொட்டுகளையும் கூட்டிக்கொண்டு போகும். பாதி துவட்டல் அதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் துண்டைத் தேய்க்க வேண்டாம். விரித்துப் போடுங்கள், உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள், எடுங்கள். குழந்தைக்குத் தலை துவட்டுகிற பாட்டி மாதிரி இல்லை, முகத்தில் பவுடர் ஒற்றுகிற அக்கா மாதிரி! இழுத்தே ஆகணும் என்றால் நேராக, அழுத்தாமல், உங்கள் பக்கமாக இழுங்கள். வட்டம் வேண்டவே வேண்டாம். முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, பானெட், டிக்கி, கடைசியில் கதவுகள். கதவின் கீழ்ப் பாதிக்கும் பம்பருக்கும் வேறு துணி. மண் அதிகம் அங்கேதான். துண்டு தரையில் விழுந்துவிட்டதா? அன்றைக்கு அதற்கு லீவு. 'உதறிட்டேன்ல' என்பதெல்லாம் செல்லாது.

துண்டைத் துவைக்கும்போது காட்டன் துணிகளோடு போடாதீர்கள், நூல் பொடி ஒட்டிக்கொள்ளும். வாசனை கண்டிஷனர் ஊற்றினால் இழையின் இடுக்குகள் அடைந்து, தண்ணி இழுக்கிற வேலையை நிறுத்திவிடும். ஒரு வெள்ளை வளையம் ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணி கலந்து, நிழலில் ஒற்றி, உடனே கழுவிவிடுங்கள். புதுக் கறை போய்விடும்.

விஷயமே இனிமேல்தான்

'நாம எங்க பாஸ் கழுவுறோம், காலையில வர்ற அண்ணன்தானே கழுவுறாரு' என்கிறீர்களா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அபார்ட்மென்ட்டுகளில் பாதிக் கதை அதுதான்.

எங்கள் மந்தைவெளித் தெருவுக்கு வருகிற அண்ணன் காலை அஞ்சு மணிக்கு சைக்கிளில் வருவார். எட்டு மணிக்குள் பன்னிரண்டு கார். ஒரு காருக்கு மாசம் சில நூறு ரூபாய். எங்கள் பில்டிங்கில் மட்டும் ஏழு வண்டி. போன வருஷம் ஒருத்தர் தன் புதுக் கறுப்பு காரில் சிலந்தி வலையைப் பார்த்துவிட்டார். அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரே தீர்ப்பு: 'ஆளை நிறுத்திடலாம்.' ஏழு வண்டி போனால் அவருக்குப் பாதிக்கு மேல் வருமானம் போச்சு.

அவரிடமே கேட்டேன். "தம்பி, ஒவ்வொரு வீட்லயும் ஒரு துணி குடுப்பாங்க. கிழிஞ்ச பனியன், பழைய நைட்டி, பட்டன் பிய்க்காத சட்டை. வேற கேட்டா 'கார் தொடைக்க இது போதாதா'ம்பாங்க. தண்ணியும் வண்டிக்கு ஒரு வாளிதான். ரெண்டாவது வாளி புடிச்சா மோட்டார் போடணும்னு திட்டு. அந்த ஒரு வாளியில நான் என்னத்த அலச?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நாம் பார்த்துப் பார்த்து வாங்கின வண்டிக்கு, நாமே பட்டன் வைத்த சட்டையைக் கொடுத்து, தண்ணியையும் அளந்து கொடுத்துவிட்டு, கோட்டுக்கு மட்டும் அவர் பெயரை எழுதுகிறோம்.

அடுத்த மீட்டிங்கில் இதைத்தான் சொன்னேன். வண்டிக்கு ரெண்டு மைக்ரோஃபைபர் துண்டு, ஃபிளாட் நம்பர் எழுதின ஒரு டப்பா, ரெண்டாவது வாளி. ஏசி தண்ணிக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம். ரெண்டு துண்டு விலை, ஒரு தடவை பாலிஷ் போடுகிற செலவில் சின்னப் பங்குகூட வராது. நாலு வீடு சரி என்றது. ரெண்டு வீடு 'பார்க்கலாம்' என்றது. கறுப்பு கார்க்காரர் மட்டும் இன்னும் முறைப்போடுதான் இருக்கிறார். ஆனால் அண்ணனை நிறுத்தவில்லை.

துண்டைக் கையில் கொடுத்ததும் அண்ணன் செய்த காரியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. புறங்கையில் ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பார்த்தார். "நெருடினா டயருக்கு, நெருடலைன்னா பாடிக்கு. இது பாடிக்குத்தான்" என்றார். எங்கேயும் படிக்காத பாடம் அது. நான் சொன்ன அத்தனை மைக்ரான் கணக்கையும்விட நச்.

உங்கள் தெருவிலும் ஓர் அண்ணன் இருப்பார். அவரைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன துணியை ஒரு தடவை வாங்கி, உங்கள் புறங்கையில் இழுத்துப் பாருங்களேன்.