ரசபாளை தேடி மைசூருக்கு

சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக மைசூர். எனக்கு அலுக்காத ஊர். அரண்மனையைவிட தேவராஜ மார்க்கெட்டில் குவிந்திருக்கும் மல்லிகையும் வெற்றிலையும்தான் பிடிக்கும்.

விவசாயப் பயிற்சியில் பழகிய அண்ணன் வீட்டுக்கு ஆறு வருடம் கழித்துப் போனேன். ராகிக் களி போட்டார்கள். நஞ்சன்கூடு பக்கம் அவர் தோட்டம். புவிசார் குறியீடு பெற்ற ரசபாளை வாழை பாதி காய்ந்து நின்றது. பனாமா வாடல் நோய்.

"நல்ல மரத்துல ரெண்டு கட்டை கொடுங்கண்ணா."

"மரம் நல்லாத்தான் தெரியும். கட்டையோட பூஞ்சணமும் வரும். திசு வளர்ப்புக் கன்னு வாங்கிக்கோ தம்பி" என்று மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது செருப்பு மண்ணையும் கழுவச் சொன்னார் அண்ணி. ஒரு சீப்புப் பழம் மட்டும் பையில் வந்தது.