அறுபதில் ஓடியவை நான்கு

சார்மினாரின் நெரிசலையும் லாட் பஜாரின் வளையல் கடைகளையும் தாண்டி கில்வத் பக்கம் திரும்பினால் சௌமஹல்லா அரண்மனை. தர்பார் மண்டபத்தில் தொங்கும் 19 பெல்ஜியம் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் பக்கி கானா. ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் நின்ற கொட்டகை. இப்போது அங்கே கார்களும் நிற்கின்றன. 1906ம் ஆண்டின் நேப்பியர், ஒரு பேக்கர்ட், ஒரு பியூக், சில பழைய மோட்டார் சைக்கிள்கள். ஆனால் கூட்டம் மொய்ப்பது மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் முன்னால்தான். 1912ம் ஆண்டின் சில்வர் கோஸ்ட் அது. பெரியவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் கேட்பது ஒரே கேள்வி: "இது ஓடுமா?"

இந்தக் காரின் கதையே அந்தக் கேள்விதான். காருக்கு ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கான் என்பார்கள். அவர் 1911 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். வந்து சேர்ந்த காருக்கு உரிமையாளரானவர் அவரது மகன், ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கான். அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே தயாரித்துக் கொடுக்கும். மேல் கூட்டைத் தனியாக ஒரு வண்டிப் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் காருக்கு அதைக் கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. நிஜாம் அமரும் ஆசனம் மற்றவற்றைவிட உயரமாக, கிட்டத்தட்ட சிம்மாசனமாகவே அமைக்கப்பட்டது. இவ்வளவும் செய்து, 1947 வரை 35 ஆண்டுகளில் கார் ஓடிய தூரம் 356 மைல் என்று சொல்லப்படுகிறது. ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்கு ஒரு தடவை போகிற தூரம். திரும்பி வரக்கூட இல்லை!

உஸ்மான் அலி கானை 1937 பிப்ரவரியில் 'டைம்' பத்திரிகை உலகின் மிகப் பெரிய பணக்காரர் என்று அட்டையில் போட்டது. ஆனால் அவர் கார் சேர்த்த விதம் வேறு மாதிரி. நகரத் தெருவில் நல்ல வண்டி ஒன்று கண்ணில் பட்டால், அதை அன்பளிப்பாகப் பெற நிஜாம் சித்தமாக இருக்கிறார் என்று சொந்தக்காரருக்குச் சேதி போகுமாம். 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூலில் லாரி காலின்ஸும் டொமினிக் லாபியரும் இதை எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான வண்டிகளில் பெரும்பாலானவற்றை அவர் தொட்டதே இல்லையாம். கிங் கோட்டி மாளிகைத் தோட்டத்தில் தங்கப் பாளங்கள் ஏற்றிய லாரிகள் பாரம் தாங்காமல் அச்சு வரை மண்ணில் புதைந்து நின்ற காட்சியும் அதே நூலில் வருகிறது.

கதைகளில் எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. லண்டன் ஷோரூமில் அவமதிக்கப்பட்ட நிஜாம் ஆத்திரத்தில் ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கி வந்து குப்பை அள்ள விட்டார் என்பது ஹைதராபாத்தில் இன்றும் உற்சாகமாகச் சொல்லப்படும் கதை. இதே கதையை ஆல்வாரில் ஆல்வார் மகாராஜாவைப் பற்றியும் பரத்பூரில் பரத்பூர் மகாராஜாவைப் பற்றியும் சொல்கிறார்கள். ஒரே சம்பவம் மூன்று ராஜாக்களுக்கு நடந்திருந்தால் ஷோரூம்காரர் தன் வேலையை எப்படித் தக்கவைத்துக்கொண்டார் என்பதுதான் புரியவில்லை.

நடந்தது அந்தக் கதையைவிட வருத்தமானது. 1967 பிப்ரவரி 24ந் தேதி உஸ்மான் அலி கான் இறந்தார். மகன்களுக்கு அல்ல, பேரன் முகர்ரம் ஜாவுக்குப் பட்டம் போனது. ஏப்ரலில் இதே சௌமஹல்லாவில் முடிசூட்டு விழா. கணக்குப் பார்க்க உட்கார்ந்த புது நிஜாமுக்குத் தலை சுற்றியது. சம்பளப் பட்டியலில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள். அவர்களில் 38 பேருக்குச் சரவிளக்குகளைத் துடைப்பது மட்டுமே வேலை. கார் ஷெட்டுக்கு மட்டும் பெட்ரோல், உதிரி பாகம் என்று ஆண்டுக்கு 45,000 பவுண்டு செலவு எழுதப்பட்டிருந்தது. ஷெட்டில் இருந்தவை 60 கார்கள். ஓடும் நிலையில் இருந்தவை நான்கு. முடிசூட்டு விழாவில் அவரை ஏற்றிச்செல்ல வந்த காரும் மக்கர் செய்து நின்றுவிட்டது.

நிற்கிற கார் கெடும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த பால பாடம். டாங்கியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். தரையில் அழுந்திய இடத்தில் டயர் தட்டையாகும். சிலிண்டருக்குள் துரு ஏறினால் பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும். தக்காணத்து வெயில் தன் பங்குக்கு மரச்சட்டத்தையும் தோல் இருக்கையையும் பார்த்துக்கொள்ளும். 60 நான்காகச் சுருங்க யாரும் எதையும் செய்ய வேண்டாம். எதையும் செய்யாமலிருந்தாலே போதும்.

இதில் வேடிக்கை, முகர்ரம் ஜா எஞ்சின் பைத்தியம். கையில் கிரீஸ் படிய இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவதில் அவருக்கு இருந்த ஆசை தர்பாரில் இல்லை. அப்படிப்பட்டவரிடம்தான் ஓடாத கார்களின் ஷெட் வந்து சேர்ந்தது. கூடவே உறவினர்களின் வழக்குகள், வரிகள். 1971ல் அரசியல் சட்டத்தின் 26வது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. 1970களின் தொடக்கத்தில் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மர்ச்சிஸன் ஹவுஸ் என்ற சுமார் 5 லட்சம் ஏக்கர் ஆட்டுப் பண்ணையை வாங்கினார். ஹைதராபாத் அரண்மனைகளில் தூசி படிந்துகொண்டிருந்தபோது அவர் அங்கே புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பண்ணையும் கடனில் கைநழுவியது.

மற்ற சமஸ்தானங்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். மானியம் நின்றது, பெட்ரோலை உறிஞ்சும் பெரிய எஞ்சின்கள் பாரமாயின. ராஜா வீட்டுக் கார்கள் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போயின. சினிமா கம்பெனிகளுக்குப் போயின. பழைய இரும்புக்காரரிடம் பேரீச்சம்பழத்துக்கும் போயின. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அப்படி வெளியே போனவை பல ஆண்டுகள் கழித்து ஏல மேடைகளில் தலைகாட்டின. கோட்டா மகாராஜா இரண்டாம் உமேத் சிங் புலி வேட்டைக்காக 1925ல் செய்வித்த ரோல்ஸ் ராய்ஸ், தேடுவிளக்குகளும் துப்பாக்கி வசதிகளுமாக, 2011ல் அமெரிக்காவில் போன்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. வண்டிகள் வெளியேறுவதைத் தடுக்க இந்திய அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1950க்கு முன் தயாரான கார்களுக்கும் 1940க்கு முன் தயாரான மோட்டார் சைக்கிள்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும் என்று வரம்பு வகுக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் நாட்டைவிட்டுப் போகாதே என்று சொல்லும் சட்டம், ஷெட்டில் மட்காதே என்று சொல்ல முடியாது.

நிஜாமின் நகைகளுக்கு இந்தக் கதி நேரவில்லை. அவற்றுக்குக் கோர்ட், மதிப்பீட்டாளர், பேரம் எல்லாம் இருந்தன. 1979ல் ஏலம் கூறப்பட்டு, கிரேக்கக் கப்பல் அதிபர் நியார்க்கோஸ் வரை ஆள் வந்து, சுப்ரீம் கோர்ட்டில் நின்றது. நீண்ட வழக்குக்குப் பிறகு 1995ல் 173 உருப்படிகளை மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜேக்கப் வைரமும் அதில் அடக்கம். கல்லுக்கும் இரும்புக்கும் அன்று இருந்த மதிப்பு வித்தியாசம் அவ்வளவு. இரும்பின் மதிப்பு பின்னால் எங்கே போனது என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1955ம் ஆண்டின் மெர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நிஜாமின் நகைகளுக்கு அன்று கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு, ஒரே ஒரு காருக்கு.

இந்தியாவில் அந்த அளவுக்கு வெறி இல்லை. ஆனாலும் மும்பையின் அஸ்தகுரு போன்ற ஏல நிறுவனங்கள் ஓவியங்களுடன் பழைய கார்களையும் இணையம் வழியாக ஏலம் விட்டிருக்கின்றன. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது பளபளக்கும் பெயிண்ட்டை அல்ல, காகிதங்களை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். முதல் சொந்தக்காரர் யார், யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்ற வம்சாவளி வேண்டும். ஒரே ஆண்டில் ஒரே பட்டறையில் செய்த இரண்டு கார்களில் ஒன்று அரண்மனையிலும் ஒன்று வியாபாரி வீட்டிலும் இருந்திருந்தால், விலை ஒன்றாக இராது. இரும்பு இரண்டிலும் ஒன்றுதான். விற்பது விலாசம்.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி இதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்து, அதிக மாற்றம் செய்யப்படாத கார்களும் இருசக்கர வாகனங்களும் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாடம் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது.

ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸுக்கு ஆசைப்பட முடியாதவர்களுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மைசூரில் 1960களில் செய்யப்பட்ட ஜாவா, பின்னால் அதே தொழிற்சாலையில் வந்த யெஸ்டி, சென்னை திருவொற்றியூரின் பழைய புல்லட், 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100. ஹைதராபாத்தில் இவற்றின் பாகங்களைத் தேடுகிறவர்கள் கோஷாமஹலின் பழைய உதிரி பாகக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறார்கள். அப்பா விற்ற வண்டியின் அதே நம்பரைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. இவர்கள் நிஜாமைவிடப் புத்திசாலிகள். வாங்கிய வண்டியை ஓட்டுகிறார்கள்.

சௌமஹல்லாவுக்கு மறு உயிர் வந்தது முகர்ரம் ஜாவின் முதல் மனைவி இளவரசி எஸ்ராவால். 2000க்குப் பிறகு தொடங்கிய சீரமைப்பு வேலை முடிந்து 2005ல் அரண்மனை மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2010ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. ஒட்டடை அடித்துக் கணக்கெடுத்தபோது எஞ்சியிருந்த வண்டிகளில் சிலதான் இன்று பக்கி கானாவில் பளபளப்பாக நிற்பவை.

முகர்ரம் ஜா 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமானார். உடலை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்து சௌமஹல்லாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நிஜாம் பட்டம் சூட்டப்பட்ட கடைசி மனிதரைப் பார்க்கப் பழைய நகரம் வரிசையில் நின்றது. 1967ல் அவரது கார் நின்றுபோனதைப் பார்த்த கிழவர்கள் ஒருசிலராவது அந்த வரிசையில் இருந்திருப்பார்கள். ஜனவரி 18 மாலை, அரசு மரியாதையுடன், மெக்கா மசூதியில் முன்னோர்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சௌமஹல்லாவிலிருந்து மெக்கா மசூதி அதிக தூரமில்லை. கார் தேவையில்லை, நடந்தே போய்விடலாம்.